ஜகார்த்தா: கீழிருந்து ஒரு பார்வை

(வாசகர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆறு நாள் ஜகார்த்தாவில் இருந்துட்டு வந்திருக்கேன். அதைப் பத்திப் பேசச் சொன்னாங்க. வங்கியில் குமாஸ்தா வேலை, ரெண்டு வருஷச் சேமிப்பு, இருக்கிறதிலேயே மலிவான விமானம். 'கவிஞருக்கு டூர் கேக்குதோ' என்று பிராஞ்சில் ஒருத்தர் கேட்டார். அவர் குடும்பத்தோடு சிங்கப்பூர் போய்வந்தவர்தான். நாம கடல் தாண்டினா அது பிழைக்கப் போறதா இருக்கணும்: தோட்டத்துக்கு, துறைமுகத்துக்கு, கட்டட வேலைக்கு. சும்மா பார்த்துட்டு வர்றதுக்காகப் போவது வேறு யாருக்கோ உரியது என்று எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது.

பார்ப்பதென்பது சாதாரண விஷயமில்லை. நம்ம தெருவுக்கு வந்து பார்த்துட்டுப் போனவங்க எத்தனை பேர்! மானிடவியல்காரர், கணக்கெடுப்புக்காரர், ஓட்டுக் கேட்டு வந்தவர், ஆவணப்படம் எடுக்க வந்தவர். பார்க்கப்பட்டே பழகினவனுக்குப் பார்வையின் கனம் தெரியும். அப்படிப்பட்டவன் கையில் கேமராவோடு இன்னொரு நகரத்துக்குள் போனால் எங்கே போய் நிற்பான், எதைப் பார்ப்பான்? அதைத்தான் பேசப் போறேன். மால்களைப் பற்றி வேறு யாராவது சொல்வார்கள்.

எல்லாப் பயணிகளையும் போல நானும் முதலில் கோத்தா துவாவுக்குத்தான் போனேன். பழைய நகரம் என்று பொருள். 'கோத்தா' நம்ம கோட்டைக்கு உறவுக்கார வார்த்தைதான். 1619இல் ஜயகார்த்தா என்ற ஊரை எரித்துவிட்டு டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி அந்த இடத்தில் பத்தாவியாவைக் கட்டியது. எரித்தவர் பெயர் யான் பீட்டர்ஸ்சோன் கூன். ரெண்டு வருஷம் கழித்து, 1621இல், இதே ஆள் பண்டா தீவுகளுக்குப் படையோடு போய் அங்கிருந்த மக்களைக் கிட்டத்தட்டத் துடைத்தெறிந்தார். மிஞ்சியவர்களில் பலர் அடிமைகளாக பத்தாவியாவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். எல்லாம் எதுக்கு? ஜாதிக்காய்க்கு. பெயரைப் பாருங்க!

சதுக்கத்தின் நடுவில் பழைய நகர மன்றக் கட்டடம், 1710இல் கட்டி முடித்தது. இப்போது ஜகார்த்தா வரலாற்று அருங்காட்சியகம். வாசலில் கலர் கலராக வாடகைச் சைக்கிள்கள், சைக்கிள் நிறத்துக்கே ஒரு தொப்பி. குழந்தைகள் ஓட்டிக்கிட்டிருக்காங்க. அதே சதுக்கத்தில்தான் மரண தண்டனைகளை நிறைவேற்றியிருக்கிறார்கள்.

மாடியில் ஆளுநர்களின் மேசை, நாற்காலி, அலமாரி. பெரும்பாலான பயணிகள் அங்கேதான் நேரத்தைக் கழிக்கிறார்கள். நான் அதிக நேரம் நின்றது கீழே, நிலவறையில். நிமிர்ந்து நிற்க முடியாத உயரம், வளைந்த கூரை, ஒரு கம்பி ஜன்னல். கைதியின் காலில் கட்டிய இரும்புக் குண்டுகள் இன்னும் தரையில் கிடக்கின்றன. மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும் அறைகள். ஜாவாவின் இளவரசர் திபோநெகோரோவையும் 1830இல் இதே கட்டடத்தில்தான் வைத்திருந்தார்கள். ஆனால் அவருக்கு மேல்தளம். சிறைக்குள்ளேயும் மேல், கீழ் உண்டு. அருங்காட்சியகம் இளவரசரின் அறையைப் பெயரோடு காட்டுகிறது. கீழே கிடந்தவர்களுக்குப் பெயர்ப்பலகை இல்லை.

யார் அவர்கள்? 1673இல் எடுத்த ஒரு கணக்கு இருக்கிறது. பத்தாவியாவில் 27,000 பேர். அதில் 13,000க்கும் மேல் அடிமைகள். ஊரில் ரெண்டில் ஒருத்தர். ஐரோப்பியர் ரெண்டாயிரம் சொச்சம்தான். கால்வாய் வெட்டினது, மதில் எழுப்பினது, சமைத்தது, சுமந்தது, குடை பிடித்தது எல்லாம் அந்தப் பாதிப் பேர். பாலி, சுலவேசி, வங்காளம், அப்புறம் சோழமண்டலக் கரை.

ஆமாம், நம்ம கரை. பழவேற்காட்டில் டச்சுக்காரர் கோட்டை இருந்தது. அங்கிருந்தும் நாகப்பட்டினம் பக்கத்திலிருந்தும் கப்பலில் ஆள் ஏற்றினார்கள். எல்லா வருஷமும் அல்ல. பஞ்சம் வந்த வருஷங்களில், படையெடுப்பில் ஊர் நாசமான வருஷங்களில். 1659 முதல் 1661 வரை தஞ்சைக் கரையோரத்திலிருந்து ஆயிரக்கணக்கான பேர் விற்கப்பட்டார்கள். பெரும்பகுதி இலங்கைக்கு, ஒரு பகுதி பத்தாவியாவுக்கு. அவர்கள் என்ன சாதி என்று நான் இங்கே அறுதியிட்டுச் சொல்லப் போவதில்லை. தஞ்சாவூரில் பஞ்சம் வந்தால் முதலில் விலைக்குப் போவது யார் என்று இந்தக் கூட்டத்துக்கு நான் பாடம் எடுக்கவும் வேண்டியதில்லை.

அதே கணக்கில் இன்னொரு வரி உண்டு: 'மார்டைக்கர்', 5,000க்கும் மேல். விடுதலை பெற்ற அடிமைகள், அவர்களுடைய பிள்ளைகள். கிறிஸ்தவர்கள், பேசியது ஒருவகைப் போர்ச்சுக்கீசியம், ஆனால் பூர்வீகம் இந்தியக் கரையோரங்கள். 'மார்டைக்கர்' என்ற பெயர் வந்த வேர்ச்சொல்லைப் பாருங்கள். 'மஹர்த்திக' என்ற சமஸ்கிருதச் சொல், பெருஞ்செல்வமும் ஆற்றலும் உடையவன் என்று பொருள், மலாய்க்குள் போய் 'மெர்டேகா' ஆனது. விடுதலை பெற்றவன், எவனுக்கும் அடிமையில்லாதவன். 1945இல் இந்தோனேசியா முழுக்க முழங்கிய முழக்கம் அது. இன்று ஜகார்த்தாவின் நட்டநடு மைதானத்துக்குப் பெயர் மெர்டேகா. அதிபர் மாளிகைக்குப் பெயர் மெர்டேகா. ஒரு தேசத்தின் 'சுதந்திரம்' என்கிற சொல்லும், அதுக்கு முன்னூறு வருஷம் முன்னால் சங்கிலி கழன்று வெளியே வந்த கூலிகளின் பெயரும் ஒரே சொல். எந்தச் சுற்றுலாக் கையேடும் இதை முதல் பக்கத்தில் போடுவதில்லை.

மார்டைக்கரின் வழிவந்தவர்கள் நகரத்தின் வடகிழக்கே தூகு என்ற இடத்தில் இன்னும் இருக்கிறார்கள். துறைமுகம் பக்கம். கன்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் ஓடும் சாலைகளுக்கு நடுவே பதினெட்டாம் நூற்றாண்டு மாதா கோயில் ஒன்று, வெள்ளையடித்து, சின்னதாக. முற்றத்தில் கல்லறைகள். சின்ன கித்தார் மாதிரி வாத்தியங்களோடு அவர்கள் பாடும் கெரோன்சோங் இசை நாட்டுக்கே பொதுவாகிப்போச்சு. நான் போன அன்று பாட்டு இல்லை. லாரிச் சத்தம்தான்.

வங்கிக்காரன் என்பதால் ஒன்று சொல்லணும். கோத்தா ரயில் நிலையத்துக்கு எதிரே பழைய டச்சு வர்த்தகக் கம்பெனிக் கட்டடம், இப்போது வங்கி அருங்காட்சியகம். ஜாவா விவசாயியைக் கட்டாயப்படுத்திக் காப்பியும் கரும்பும் அவுரியும் பயிரிட வைத்தார்களே, அந்த விளைச்சலை ஐரோப்பாவில் விற்றுக் கொடுத்த கம்பெனி இது. பேரேடுகள் மேசை அகலத்துக்கு இருக்கின்றன. எனக்குக் கை பரபரத்தது. சீனர்களுக்கென்று தனிக் கவுண்டர் ஒன்றும் இருக்கிறது, அழகாகப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். தனிக் குவளை பார்த்து வளர்ந்த கண்ணுக்குத் தனிக் கவுண்டர் சட்டென்று தெரிந்துவிடுகிறது. 1740 அக்டோபரில் இந்த நகரத்தில் சீனர்களைக் கொன்று குவித்தார்கள், பத்தாயிரம் பேர் இருக்கலாம் என்கிறார்கள். 1998 மே மாதம் பக்கத்திலுள்ள குளோடோக் மறுபடி எரிந்தது.

நினைவுச்சின்னமான மோனாஸ், 132 மீட்டர் உயரம், உச்சியில் தங்கம் பூசிய சுடர். ஏறலாம், நகரம் தெரியும், இறங்கலாம். இஸ்திக்லால் பள்ளிவாசல் அப்படியல்ல. தென்கிழக்கு ஆசியாவிலேயே பெரியது, அதை வடிவமைத்த சிலாபான் ஒரு கிறிஸ்தவர், எதிரிலேயே கத்தோலிக்கப் பேராலயம். நம்ம நாட்டு இன்றைய நிலைமையில் இதை ரெண்டு தடவை சொல்லணும் போல இருக்கு.

கடலோரம் வருவோம். பழைய மிளகுக் கிடங்குகளில் கடல்சார் அருங்காட்சியகம் இருக்கிறது. அதிலிருந்து கூப்பிடு தூரத்தில் கம்போங் அக்குவாரியம். கம்போங் என்றால் ஊர், குடியிருப்பு. நகரத்துக்குள் சொல்லும்போது அது சேரி என்று காதில் விழும். 2016 ஏப்ரலில் இந்தக் குடியிருப்பை புல்டோசர் வைத்துத் தரைமட்டமாக்கினார்கள். சொன்ன காரணங்கள்: கடல் தடுப்புச் சுவர், அப்புறம் இந்தப் பழைய துறைமுகப் பகுதியைச் சுற்றுலாத் தலமாக்கணும். அதாவது என்னை மாதிரி ஆள் வந்து பார்ப்பதற்காக. வீடு இழந்தவர்களுக்கு மருண்டா, ராவா பெபெக் அடுக்ககங்களில் இடம். கடலையும் மீன் சந்தையையும் நம்பி இருந்தவர்களை அவ்வளவு தூரம் தூக்கிப் போட்டார்கள். கண்ணகி நகரும் பெரும்பாக்கமும் தெரிந்தவர்களுக்கு இதுக்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ஆனால் ஒரு பகுதியினர் போகவில்லை. இடிபாட்டின் மேலேயே கூடாரம் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். வழக்கு போட்டார்கள். நகர ஏழைகளின் அமைப்புகளும் சில கட்டடக் கலைஞர்களும் கூட நின்றார்கள். 2017 ஆளுநர் தேர்தலில் வேட்பாளரிடம் எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு ஓட்டுப் போட்டார்கள். வாய்வார்த்தை இல்ல, எழுத்து. ஜெயித்தவரை விடாமல் பின்தொடர்ந்தார்கள். 2021 ஆகஸ்ட் 17, அவர்களுடைய சுதந்திர தினம், அதே இடத்தில் அடுக்குக் குடியிருப்பு திறந்தது. 241 வீடுகள். பராமரிப்பு குடியிருப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் கையில். நிலம் இன்னும் அரசாங்கத்துடையதுதான், அந்தக் கத்தி தலைக்கு மேல் தொங்குகிறது.

அங்கே கேமராவைப் பைக்குள் போட்டுவிட்டேன். டீக்கடை வைத்திருந்த அம்மா, 'எடுக்கலையா? எல்லாரும் எடுக்கறாங்களே' என்று சைகையில் கேட்டார். கட்டடத்தின் முன்னால் அவரே போய் நின்றார். இடுப்பில் கை வைத்து. எடுத்தேன். படம் எடுக்கும் முடிவு அவருடையதாக இருந்தது.

அந்தக் கரை முழுக்க மூழ்கிக்கொண்டிருக்கிறது. ஐம்பது வருஷமாக நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி, சில இடங்களில் தரை மூன்று நான்கு மீட்டர் இறங்கிவிட்டது. முவாரா பாரு பக்கம் கடல் சுவருக்கு வெளியே ஒரு பள்ளிவாசல் தண்ணீருக்குள் நிற்கிறது, யாரும் தொழ முடியாது. அரசு கண்ட தீர்வுகளில் ஒன்று, தலைநகரையே போர்னியோத் தீவுக்கு மாற்றுவது. 2022இல் சட்டமும் போட்டார்கள். அமைச்சகம் போகும். டீக்கடை அம்மா எங்கே போவார்?

இன்னொன்று. தெருவில் ஆரஞ்சுச் சட்டை போட்ட தூய்மைப் பணியாளர்கள். பூட்ஸ், கையுறை. கால்வாயில் இறங்கி அள்ளுகிறார்கள். என் கண் அங்கேதான் போகும், என்ன செய்வது. ஒப்பந்தப் பணிதான், ஆனால் மாகாணத்தின் குறைந்தபட்சக் கூலி உண்டு. 2025இல் இந்த வேலைக்கு மனுப்போட ஆயிரக்கணக்கில் வரிசை நின்றது, பட்டதாரிகள் உட்பட. அது அங்குள்ள வேலையில்லாத் திண்டாட்டத்தின் கதையும்தான், சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. நான் கவனித்தது வேறு. கடந்து போகும் ஆபீஸ்காரர் அந்தத் தொழிலாளியை 'பாக்' என்று கூப்பிடுகிறார். அப்பா என்று பொருள், ஐயா மாதிரி. பெண்ணாக இருந்தால் 'இபு', அம்மா. நம்ம ஊரில் எழுபது வயதுக் கிழவரை ஏழு வயதுப் பையன் எப்படிக் கூப்பிட்டான் என்று நமக்குத் தெரியும்.

இது தானாக வந்ததில்லை. ஜாவா மொழியில் மேலோரிடம் பேச ஒரு மொழி, கீழோரிடம் பேச ஒரு மொழி என்று அடுக்கு உண்டு. எண்ணிக்கையில் பெரிய மொழி அதுதான். ஆனால் 1928 அக்டோபர் 28 அன்று இதே நகரத்தில் கூடிய இளைஞர்கள், சந்தை மொழியாக இருந்த மலாயை எடுத்து இந்தோனேசிய மொழி என்று பெயரிட்டுப் பொதுமொழியாக அறிவித்தார்கள். கிராமாத் சாலையில் அந்த வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது, கூட்டமே இல்லை. மாணவத் தோழர்கள் அவசியம் போகணும். ஜாவாக்காரரான பிரமூதியா ஆனந்த தூர் இந்த அடுக்கு மொழியை வெறுத்து இந்தோனேசிய மொழியிலேயே எழுதினார். 1965இல் கைதாகி, விசாரணையே இல்லாமல், பத்து வருஷம் புரு தீவு முகாமில். முதலில் பேப்பர்கூடக் கொடுக்கவில்லை. கூட இருந்த கைதிகளுக்குக் கதையாகச் சொல்லிச் சொல்லி நாவலை உருவாக்கினார். 2006இல் இறந்தார். காரெட் பிவாக் பொதுக் கல்லறையில் இருக்கிறார். 26 வயதில் செத்துப்போன கவிஞர் சைரில் அன்வரும் அங்கேதான்.

கடைசியாக, வியாழக்கிழமை. மெர்டேகா மாளிகைக்கு எதிரே, சாயங்காலம், கறுப்புச் சட்டையில் கறுப்புக் குடை பிடித்துக்கொண்டு கொஞ்சம் பேர் நிற்பார்கள். 2007 ஜனவரி 18 அன்று தொடங்கியது, எண்ணூறு வியாழன்களைத் தாண்டிவிட்டது. தொடங்கியவர்களில் ஒருவர் சுமார்சி அம்மா. அவர் மகன் வாவன், மாணவர், 1998 நவம்பர் 13 அன்று செமாங்கியில், அடிபட்டவருக்கு உதவப் போனபோது சுடப்பட்டார். கொன்றவர் யார், காணாமல் போனவர்கள் எங்கே என்பதுதான் கேள்வி. காணாமல் போனவர்களில் ஒருவர் விஜி துகுல், கவிஞர், சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் மகன், மரச்சாமானுக்கு வார்னிஷ் அடித்துப் பிழைத்தவர். எதிர்ப்பக்கம் மாளிகையில் இருக்கும் ஆட்கள்தான் மாறிக்கொண்டே வந்தார்கள். 1998இல் செயல்வீரர்கள் கடத்தப்பட்ட விவகாரத்தில் ராணுவத்திலிருந்து விலக்கப்பட்ட பிரபோவோ 2024 அக்டோபரில் அதிபராகப் பதவியேற்றார். குடைகள் அடுத்த வியாழனும் வந்தன.

பயணியாக வந்தவன் போராட்டத்தில் சேர முடியாது. நடைபாதையில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண் ஒன்றும் கேட்காமல் தன் குடையைப் பாதி என் பக்கம் சாய்த்தாள்.

உங்களில் யாராவது ஜகார்த்தா போறதா இருந்தா, டிக்கெட் போடும்போது நடுவில் ஒரு வியாழக்கிழமை வர்ற மாதிரி பாத்துக்கங்க. கோத்தா துவாவிலிருந்து பஸ் இருக்கு, மோனாஸில் இறங்கி நடக்கணும். நாலு மணிக்குள்ள போயிடுங்க.