செபமாலையின் மறுபாதி



பெற்றோர் நினைவாக இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார், திருச்சபையும் குடும்பமும் பற்றிப் பேசச் சொன்னார்கள். எங்கள் வீட்டுப் பாயிலிருந்து தொடங்குகிறேன்.

இரவு ஏழரைக்கு மாதா படத்துக்கு முன் பாய் விரித்து அம்மா திரி ஏற்றுவார். மங்கள வார்த்தை செபத்தின் முன்பாதியை ஒருவர் சொன்னால், பின்பாதியை மற்றவர்கள் சொல்லி முடிக்க வேண்டும். அப்பாவும் அம்மாவும் இரண்டு மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசாத காலங்கள் உண்டு. அப்போதும் அப்பா தொடங்கினால் அம்மா முடித்தாக வேண்டும். ஒரு செபமாலைக்கு 53 முறை. முதல் பத்து மணியில் அம்மாவின் குரல் வெடுக்கென்று விழும். நான்காம் பத்துக்குள் இரண்டு குரலும் ஒரே தாளத்துக்கு வந்துவிடும். செபம் முடிந்ததும் பிள்ளைகள் கைகூப்பி ஸ்தோத்திரம் சொல்வோம். இருவரும் எங்கள் நெற்றியில் சிலுவை வரைவார்கள். பிறகு அம்மா அப்பாவைப் பார்த்து, "சோறு போடவா?" என்பார். எங்கள் வீட்டுச் சமாதானம் அவ்வளவுதான். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் குடும்பத்தை 'இல்லத் திருச்சபை' என்று அழைத்ததைப் பின்னாளில் படித்தபோது, எனக்கு அந்தப் பாய்தான் நினைவுக்கு வந்தது.

பாயில் ஆள் குறைந்த வீடுகளுக்கு? அங்கேதான் பங்குச் சமூகம் வேண்டியிருக்கிறது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது, குமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்து மீனவர்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். பலரின் உடல்கூடக் கரை சேரவில்லை. காணாமல்போனவர்களின் பட்டியலைப் பங்குத்தந்தையரும் ஊராரும் வீடு வீடாகத் திரட்டினார்கள். எந்த வீட்டில் யார் இல்லை என்பது ஊருக்குத் தெரிந்திருந்தது. இருபது முப்பது வீடுகளைச் சேர்த்து அன்பியம் என்று கூட்டுகிறோமே, அது தருவதும் இந்தத் தெரிதலைத்தான்.

ஒரு குறையை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. குடித்துவிட்டு அடிக்கும் கணவனோடு வாழ்ந்த பெண்ணிடம், "உன் சிலுவை அம்மா, பொறுத்துக்கொள்" என்று பெரியவர்கள் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். அது பக்தியில்லை, கைவிடல். திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் எழுதிய 'அன்பின் மகிழ்வு' மடலில், வன்முறையும் ஓயாத கொடுமையும் உள்ள இடத்தில் பிரிந்து வாழ்வது சில வேளை அறநெறிப்படியே தேவையாகலாம் என்கிறார். நம் மேடைகளில் அந்தப் பகுதியை யாரும் வாசிப்பதில்லை. வாசிக்க வேண்டும்.

அந்தப் பெண் இரண்டு பிள்ளைகளோடு தனியே வந்துவிட்டார். பல மாதங்கள் அன்பியக் கூட்டம் அவர் வீட்டுக்குப் போகவில்லை. முறை வந்தபோதெல்லாம் அந்த வாசலைத் தாண்டிப் போனோம். ஒருநாள் எங்கள் தெருப் பாட்டி ஒருவர், "அடுத்த வாரம் உன் வீட்டுக்கு வாறோம், பாய் மட்டும் விரி" என்றார். போனோம். ஒற்றை அறை; பாதிப்பேர் வாசற்படியில் நின்றோம். அவருடைய ஏழு வயது மகள் முன்பாதியைத் தொடங்கினாள். தெருவே பின்பாதியைச் சொன்னது.