கிரகணத்திற்கு அஞ்சிய கண்கள்

வெளி மாநிலங்களில் குடியேறிய நம் குடும்பங்களுள், ஆண்டுதோறும் ஊரிலிருந்து பஞ்சாங்கம் வரவழைப்பவை பல. சில வீடுகளில் இரண்டு இருக்கும். ஒன்று வாக்கியம், மற்றொன்று திருக்கணிதம். பௌர்ணமியன்று இரண்டும் பெரும்பாலும் நெருங்கியே நிற்கும். அஷ்டமி வந்துவிட்டாலோ, திதி முடியும் நேரம் சில மணி வேறுபடுவதுண்டு. எதை நம்பி விரதம் இருப்பது என்று வீட்டுப் பெரியவர்கள் கலங்குவர். இவ்வேறுபாட்டின் வேர் மிகப் பழமையானது.

சந்திரன் ஒரே வேகத்தில் செல்வதில்லை. ஒரு நாள் 12 பாகையளவே நகரும். வேறொரு நாள் 15 பாகையையும் தாண்டும். பூமியை நெருங்குகையில் விரைவு, விலகுகையில் தளர்ச்சி. இம்மாற்றம் சற்றேறக்குறைய இருபத்தேழரை நாளுக்கொரு முறை மீளும். ஒன்பது முறை மீள்வதற்கு 248 நாட்கள் ஆகும். ஆகவே 248 நாட்களுக்குச் சந்திரனின் நிலையைக் குறித்துக்கொண்டால், அப்பட்டியலையே சிறு திருத்தத்துடன் மீண்டும் மீண்டும் கையாளலாம். நம் முன்னோர் அதனை 248 வடமொழி வாக்கியங்களாக்கி மனப்பாடம் செய்தனர். எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். வாக்கியத்தை ஓதினால் சந்திரனின் இடம் கிடைத்துவிடும். வாக்கியப் பஞ்சாங்கம் என்னும் பெயர் இதனால் வந்தது.

இதே 248 பாபிலோனியரின் களிமண் பலகைகளிலும் காணப்படுகிறது. கிரகணம் அரசனுக்குத் தீங்கு விளைக்கும் என்று அவர்கள் அஞ்சினர். அஞ்சியதனால் இரவெல்லாம் விழித்திருந்தனர், விழித்திருந்ததனால் எழுதிவைத்தனர். கி.மு. 721இல் பாபிலோனில் காணப்பட்ட சந்திர கிரகணத்தை, எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்துத் தாலமி தம் கணக்கிற்கு எடுத்தாண்டார் என்றால், அவ்வேடுகளின் பெருமையை நாம் உணரலாம். இக்கலையின் ஒரு பகுதி கிரேக்கர் வழியாக இந்தியாவை அடைந்தது என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. நாம் நல்ல வேளை பார்க்கும் ‘ஓரை’ கிரேக்க மூலமுடைய சொல்லே. இதில் நாணுவதற்கு ஒன்றுமில்லை. கணக்குக்குப் பிறந்த ஊர் ஒன்று, வளர்ந்த ஊர் வேறு.

வளர்ந்த விதத்திற்கு ஒரு சான்று உண்டு. 1825இல் சென்னையில் வெளியான ‘கால சங்கலிதம்’ என்னும் நூலில் ஜான் வாரன் அதனைப் பதிவு செய்தார். புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், தரையில் சோழிகளை வைத்து, மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டே, அவ்வாண்டு மே 31ஆம் நாள் இரவு நேர்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் பிழை 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52. எழுதுகோலைத் தொடாத கணக்கு இது! 1952இல் ஓட்டோ நியூகபாவர் ‘தமிழ் வானியல்’ என்ற தலைப்பிலேயே இம்முறையை ஆராய்ந்து, பாபிலோனியத் தொடர்பை எடுத்துக்காட்டினார்.

அவ்வளவு நெருங்கிய கணக்கு அஷ்டமியில் ஏன் தவறுகிறது? சூரியனின் ஈர்ப்பால் சந்திரனுக்கு இன்னொரு தடுமாற்றமும் நேர்கிறது. பௌர்ணமியிலும் அமாவாசையிலும் அது முதல் ஏற்றத்தாழ்வோடு கலந்து மறைந்துவிடும். அரைநிலவின்போதுதான் வெளிப்படையாகத் தலைகாட்டும். கிரகணமோ அரைநிலவில் நிகழ்வதில்லை. கிரகணத்தையே உரைகல்லாகக் கொண்டவர்களின் கணக்கில் அப்பிழை அகப்படவில்லை. தாலமி அதனைக் கண்டார். நம் நாட்டில் பத்தாம் நூற்றாண்டில் முஞ்சாலர் அதற்குத் திருத்தம் கூறினார். வாக்கியங்கள் மட்டும் மாறவில்லை. திதிக்குத் திருக்கணிதமே வானத்திற்கு நெருக்கமானது என்பது நம் கருத்து. குலவழக்கை விட இயலாதவர்களை நாம் குறை கூறோம்.

எதைக் கைக்கொண்டாலும், ஊர் மாறிய நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பஞ்சாங்கத்தின் நாழிகைகள் தமிழ்நாட்டுச் சூரியோதயத்திலிருந்து எண்ணப்படுபவை. ஆனி மாதத்தில் கொல்கத்தாவில் சென்னையைவிட முக்கால் மணிக்கு மேல் முந்திப் பொழுது விடிகிறது. மார்கழியில் அகமதாபாதில் அதே அளவு பிந்தி விடிகிறது. ஏறக்குறைய இரண்டு நாழிகை. எனவே, நாழிகையை முதலில் கடிகார நேரமாக மாற்றிக்கொண்டு, பிறகு நாம் இருக்கும் ஊரின் உதயத்தோடு ஒப்பிட்டே ஏகாதசி என்றைக்கு என்று துணிய வேண்டும்.