காது திறந்திருந்தும் கேளாத பேச்சு

 

“எத்தனை முறை அழைத்தேன், காதில் விழவில்லையா?” என்று பிள்ளையைக் கடிந்துகொள்ளாத பெற்றோர் அரிது. “நீங்கள் அழைத்தது கேட்கவில்லை, உம்மா” என்று பிள்ளை கூறினால் அதைப் பொய்யென்றே கொள்கிறோம். ஆனால் அது உண்மையாகவும் இருக்கலாம்.

1953ஆம் ஆண்டு கொலின் செரி என்ற பிரித்தானிய அறிஞர் ஒரு பரிசோதனையை வெளியிட்டார். ஒருவரின் இரு காதுகளிலும் ஒரே வேளையில் வெவ்வேறு பேச்சுக்களை ஒலிக்கச் செய்து, ஒன்றை மட்டும் திருப்பிச் சொல்லுமாறு பணித்தார். மறு காதில் ஆண்குரல் பெண்குரலாக மாறியதை அவர்கள் உணர்ந்தனர். ஆயினும் அங்கு பேசப்பட்ட விடயம் யாதெனக் கூற இயலவில்லை. அப்பேச்சு இடையில் ஜெர்மன் மொழிக்கு மாறியதையும் அவர்கள் அறியவில்லை. 1959இல் நெவில் மொரே என்பவர் மறு காதில் அவரவர் பெயரையே ஒலிக்கச் செய்தார். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே அதனைக் கவனித்தனர்!

கண்ணின் வேலைப்பளு காதையும் மந்தமாக்குகின்றது. 2015இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 13 பேரின் மூளைச் செயற்பாட்டை அளந்தனர். கண்ணால் செய்யும் பணி கடினமானபோது, ஒலிக்கு மூளை காட்டும் ஆரம்பத் துலங்கலே குறைந்துவிட்டது.

இளைஞர்களே! திரையில் கண்பதித்து வீதியைக் கடக்கும்போது, “வாகனம் வந்தால் சத்தம் கேட்கும்தானே” என்று நம்பியிராதீர்கள். புகையிரதப் பாதையருகே அந்த நம்பிக்கை உயிரையே பறித்துவிடும். கைத்தொலைபேசியைப் பையில் வைத்துவிட்டுக் கடந்து செல்லுங்கள்.

பெற்றோர்களே! வாசிப்பிலோ விளையாட்டிலோ மூழ்கிய பிள்ளையைத் தூரத்திலிருந்து சத்தமிட்டு அழைக்காதீர்கள். அருகே சென்று, தோளைத் தொட்டு, அவன் உங்களை நோக்கியபின் பேசுங்கள். அதற்குமுன் அவனைக் கீழ்ப்படியாதவன் எனத் தீர்ப்பளிக்காதீர்கள்.

நமது நிலையையும் சற்று எண்ணிப் பார்ப்போம். “வாப்பா, இன்று வகுப்பில் ஒரு பிரச்சினை” என்கிறான் மகன். வாப்பாவின் கண்கள் திரையில். வாய் மட்டும் “ம்” என்கிறது. நாலு நாள் இவ்வாறு நிகழ்ந்தால் ஐந்தாம் நாள் அவன் வாய்திறக்க மாட்டான். தன் துன்பத்தை வேறு யாரிடமோ கொண்டுபோவான். அவர் எத்தகையவரோ, நாமறியோம்.

ஆகவே, இன்றிரவு பிள்ளை பேசத் தொடங்கியதும் கையிலுள்ளதைக் கீழே வையுங்கள். அவன் முகம் பார்த்துக் கேளுங்கள்.