பஞ்சாங்கம் பாராத ஜந்து



இன்று நான் பேசப்போவது வடதுருவக் கடலில் வாழும் ஒரு சிறு ஜந்துவைப் பற்றியாகும். "இதைக் கேட்கவா வேலையை விட்டு வந்தோம்?" என்று சிலர் நினைக்கலாம். முழுவதும் கேளுங்கள், உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் ஒப்புக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

அந்த ஜந்துவின் பெயர் கலானஸ். இறால், நண்டு இனத்தைச் சேர்ந்தது. பெரும்பாலும் ஓர் அரிசியின் நீளங்கூட இராது. இவ்வினத்தில் ஒரு வகையை 1770-லேயே விவரித்து எழுதியவர் கன்னெரஸ் என்ற நார்வே நாட்டு பிஷப். பிஷப்பே ஆனாலும் ஜந்துவின் அங்கங்களை அறிய ஜந்துவைத்தான் பார்த்தாக வேண்டும். வேறு வழி கிடையாது.

ஸ்வால்பார்ட் தீவுகளில் ஏறக்குறைய அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுவரையில் சூரியன் உதிப்பதில்லை. வெளிச்சமில்லையேல் கடற்பாசி வளராது. பாசியில்லையேல் கலானஸுக்கு ஆகாரமில்லை. பின் எப்படிப் பிழைக்கிறது?

வசந்தத்தில் அது மேலே வருகிறது. பனிக்கட்டியின் அடிப்பக்கத்தில் ஒட்டி வளரும் பாசியைத் தின்று முட்டையிடுகிறது. பிறகு பனி உருகி வெளிச்சம் தண்ணீரில் இறங்கியதும் மிதக்கும் பாசி பெருகுகிறது. குஞ்சுகள் அதைத் தின்று, பலமுறை தோலுரித்து வளர்ந்து, உடலில் எண்ணெயைச் சேர்க்கின்றன. தண்ணீர் நீக்கிய உடல் எடையில் பாதிக்குமேல் எண்ணெயாகவே இருப்பதுண்டு. கோடை முடியுமுன்பே அவை அடியாழத்துக்கு இறங்கி, தின்னாமல் அசைவைக் குறைத்துக் கிடக்கின்றன. ஹைப்பர்போரியஸ் என்ற பெரிய வகையோ, குளிர்கால இருட்டில் ஆழத்திலேயே, சேர்த்த எண்ணெயைச் செலவழித்து முட்டையிடுகிறது. அம்முட்டைகள் தாமே மிதந்து மேலேறுகின்றன. அது பெரிதாகி முட்டையிடப் பல வருஷங்கள் பிடிக்கும்.

"ஆகா! பஞ்சம் வருமென்று அதற்கு முன்கூட்டியே சொன்னவர் யார்? இது ஆண்டவன் திருவிளையாடல் அல்லவா?" என்பார்கள் சிலர். யோசித்துப் பாருங்கள். காலத்தில் எண்ணெய் சேர்க்காதவை பட்டினியால் மாண்டன. காலத்தில் இறங்காதவற்றை மீனும் பறவையும் தின்றன. தப்பியவற்றின் சந்ததியே இன்றிருப்பது. லட்சக்கணக்கான வருஷங்களாகச் செத்தவற்றின் கணக்கை மறைத்துவிட்டு, மிஞ்சியதை மட்டும் காட்டி அற்புதம் என்பது நியாயமா?

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 2007-ல் ஸ்வால்பார்டின் ஒரு கடற்கழியில் ஆராய்ச்சியாளர் பார்த்தபோது, பனிப்பாசி பெருகி இரண்டு மாதம் கழித்தே மிதக்கும் பாசி பெருகிற்று. தாய்க்கு முதல் விருந்து. குஞ்சுக்கு இரண்டாவது விருந்து. இந்த இடைவெளியை நம்பித்தான் கிளேசியாலிஸ் என்ற வகையின் குடித்தனம் நடக்கிறது. 1979 முதல் துணைக்கோள்கள் அளந்து வந்ததில், கோடை முடிவில் எஞ்சும் பனிப்பரப்பு வெகுவாகக் குறைந்திருக்கிறது. பனி சீக்கிரம் உடைந்தால் மிதக்கும் பாசி முந்திக்கொள்ளும். குஞ்சு தின்னும் பருவம் அடையுமுன் விருந்து முடிந்துவிடலாம். வெப்பநீரோடு தெற்கிலிருந்து வரும் சிறிய வகையில் எண்ணெய் வெகு சொற்பம்.

அதனால் நஷ்டம் யாருக்கு? சிற்றாக் என்ற கடற்பறவை, தானும் தன் குஞ்சும் பிழைக்க ஒரு நாளைக்குப் பதினாயிரக்கணக்கான கலானஸைப் பிடித்தாக வேண்டும். எண்ணெயில்லாத சரக்கை எத்தனை நடை சுமந்தாலும் குஞ்சின் வயிறு நிறையுமா? துருவக் காட் மீனும், போஹெட் திமிங்கிலமும் இவற்றைத் தின்பவையே.

தோழர்களே! கலானஸின் பழக்கம் நல்லதாயிருந்ததற்குக் காரணம், அது பழமையானது என்பதல்ல. அக்காலத்துக் கடலுக்குப் பொருந்தியது என்பதே. கடல் மாறினால் அதே பழக்கம் எமனாகும். அந்த ஜந்துவால் யோசித்துத் தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ள முடியாது. ஆனால் கடலைச் சூடாக்குவது நிலக்கரியும் எண்ணெயும் எரிக்கும் மனிதன். அவனுக்கு யோசிக்கும் சக்தி இருக்கிறது. அதை அவன் உபயோகிக்க வேண்டுமென்பதே என் வேண்டுகோள்.