பழவேற்காட்டு மணல், டொராண்டோ பனி: ஸ்போர்ட்ஸ் செடானுக்கு எந்த டயர்?

இந்த எபிசோட் முழுக்க ஒரே ஒரு வாய்ஸ் நோட்டுக்கான பதில்தான். அனுப்பினது பழவேற்காடு ஏரிக்கரையில ஒரு மீனவ குப்பத்துல வளர்ந்த தம்பி. இப்போ டொராண்டோ பக்கத்துல ஒரு வேர்ஹவுஸ்ல நைட் ஷிஃப்ட் பார்க்கிறான். கேள்வி இதுதான்: "அண்ணா, செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஸ்போர்ட்ஸ் செடான் எடுத்துட்டேன். ஆல் வீல் டிரைவ் இருக்கு. வின்டர் டயர் போட்டே ஆகணுமா? அந்தக் காசை வீட்டுக்கு அனுப்பினா கடன் கொஞ்சம் குறையும்."

பதிலை முதல்லயே சொல்லிடறேன். போட்டே ஆகணும் தம்பி. ஏன்னு சொல்ல உங்க ஊர்ல இருந்தே ஆரம்பிக்கலாம்.

மணல் சொல்ற பாடம்

ஞாயிற்றுக்கிழமை லைட்ஹவுஸ் குப்பம் பக்கம் போனா இதைப் பார்க்கலாம். சென்னையிலிருந்து வந்த கார் ஒண்ணு கடற்கரை மணல்ல இறங்கி மாட்டியிருக்கும். ஓட்டுறவர் பதற்றத்துல ஆக்சிலேட்டரை மிதிப்பார். சக்கரம் சுத்தச் சுத்த குழி ஆழமாகும், கார் வயிறு மணல்ல உட்கார்ந்துடும். குப்பத்துக்காரங்க வந்து சொல்ற முதல் வார்த்தை, "மிதிக்காதீங்க சார், காத்தை இறக்குங்க!"

எஞ்சினீயரிங் கணக்கும் அதேதான். 33 பிஎஸ்ஐ இருக்கிற டயரை 18 வாக்குல இறக்கினா, தரையைத் தொடுற பகுதி நீளமாகும். எடை பரவும், சக்கரம் புதையாம மேல மிதந்து வரும். தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி காத்து நிரப்பிடணும். இங்க காரை மீட்டது எஞ்சின் பவர் இல்லை, டயர்.

பனியில எது மாறுது?

டயர்தான் முக்கியம்ங்கிறது பனிக்கும் பொருந்தும். ஆனா காத்தை இறக்குற வைத்தியம் அங்க வேண்டாம். காய்ந்த மணல் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. பனியைக் கையில வெச்சு அழுத்தினா உருண்டையா ஒட்டும். வின்டர் டயர்ல பெரிய பள்ளங்களோட ஆயிரக்கணக்கான மெல்லிய கீறல்களும் இருக்கும். அதுக்குள்ள பனி போய் இறுகும், அந்தப் பனி ரோட்டுல இருக்கிற பனியைப் பிடிக்கும்.

அடுத்தது ரப்பர். மார்கழி காலையில தேங்காய் எண்ணெய் பாட்டில்ல உறைஞ்சு நிக்குமே, காரணம் வேற, ஆனா நினைச்சுப் பார்க்க அது உதவும். சம்மர் டயர் ரப்பர் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழ இறுக ஆரம்பிக்கும். மைனஸ் 10ல கிட்டத்தட்ட பிளாஸ்டிக் மாதிரி. பல ஸ்போர்ட்ஸ் செடான்ல வர்றது இந்த டயர்தான். வின்டர் டயர் ரப்பர் அந்தக் குளிர்லயும் மெத்துனு இருக்கும். அதனால ரோட்டுல பனியே இல்லாத நாள்லயும் அது வேலை செய்யுது.

ஆல் வீல் டிரைவ் எதுக்கு உதவும்?

கிளம்புறதுக்கு உதவும். நிறுத்துறதுக்கு உதவாது. எல்லா கார்லயும் நாலு சக்கரத்துலயும் பிரேக் இருக்கு, அங்க ஆல் வீல் டிரைவ் கூடுதலா எதுவும் தராது.

சின்ன கணக்கு ஒண்ணு. மணிக்கு 50 கிலோமீட்டர்ல போறப்போ பிரேக் அடிக்கிறோம். காய்ந்த ரோட்டுல உராய்வு 0.8னு வெச்சா சுமார் 12 மீட்டர்ல நிக்கும். இறுகின பனியில 0.2னு வெச்சா சுமார் 49 மீட்டர். ஐஸ்ல 0.1னா 98 மீட்டர். நீங்க பிரேக்கை மிதிக்க எடுத்துக்கிற நேரம் இதுல சேரல. நல்லா கிளம்புற கார் ஓட்டுறவருக்கு தைரியம் கொடுக்கும், வேகம் கூடும். ஆபத்து முன்னாடி சிக்னல்லதான் தெரியும்.

காசு பத்தி

கியூபெக்ல டிசம்பர் 1லிருந்து மார்ச் 15 வரை வின்டர் டயர் சட்டப்படி கட்டாயம். ஒன்டாரியோவுல கட்டாயம் இல்லை, அதனாலதான் தம்பிக்கு இந்தக் குழப்பம். ஆனா அங்க 2016லிருந்து வின்டர் டயர் போட்டவங்களுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனிங்க தள்ளுபடி கொடுக்கணும். கேட்டு வாங்கு. வின்டர் செட் ஓடுற மாசங்கள்ல உன் சம்மர் செட் தேயாது. அப்போ இது முழுக்க கூடுதல் செலவு இல்லை, டயர் செலவுல ஒரு பகுதியை முன்கூட்டியே பண்றே, அவ்வளவுதான்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது:

- பக்கவாட்டுல மூணு சிகரமுள்ள மலையும் அதுக்குள்ள பனித்துகளும் இருக்கிற சின்னம். வெறும் "எம் பிளஸ் எஸ்" போதாது, அதுக்கு சோதனை தேவையில்லை.
- நாலு டயரும் மாத்தணும். ரெண்டு மட்டும் மாத்தினா ஒரு முனை பிடிக்கும், இன்னொரு முனை வழுக்கும், வளைவுல கார் சுத்திடும்.
- பிரேக் இடிக்கலைன்னா ஒரு இன்ச் சின்ன ரிம், கொஞ்சம் ஒடுக்கமான டயர். விலையும் குறையும், பனியை வெட்டிக்கிட்டு கீழ போகும். மணலுக்கு நேர் எதிர்! உன் காருக்குப் பொருந்துற சைஸ் மேனுவல்ல இருக்கும்.
- பழைய டயர்னா பள்ளம் 4 மில்லிமீட்டருக்குக் கீழ இருக்கக் கூடாது. தேதியையும் பாரு: 3522னு இருந்தா 2022ல 35வது வாரம் செஞ்சது.

ஓட்டும்போது

மெதுவா மிதி, மெதுவா திருப்பு, முன்னாடி வண்டிக்கு ரொம்ப இடைவெளி விடு. வளைவுக்கு முன்னாடியே பிரேக் முடிச்சிடு. குளிர்ல டயர் காத்து தானா குறையும், சுமார் 5 அல்லது 6 டிகிரிக்கு 1 பிஎஸ்ஐ. மாசம் ஒரு தடவை செக் பண்ணு. கடைசியா உப்பு. உங்க ஊர்ல உப்புக் காத்து வண்டியை அரிக்கும், அங்க பனி உருக ரோட்டுல போடுற உப்பு அரிக்கும். அடிப்பாகத்தைக் கழுவிக்கிட்டே இரு.

கடன் ஒரு மாசம் தள்ளி அடையட்டும் தம்பி. அதை அடைக்க நீ நல்லா இருக்கணும். ஷிஃப்ட் முடிச்சு விடியற்காலையில தூக்கக் கலக்கத்தோட ஓட்டுற உனக்கு அந்த நாலு டயர்தான் காப்பு.

வெளிநாட்டுல முதல் பனிக்காலத்துக்குத் தயாராகிற நண்பர் யாராவது இருந்தா இந்த எபிசோடை அனுப்பி வைங்க. அடுத்த வாரம் சந்திப்போம் மக்களே!