பூங்குழலி என்ன ஆனா?

(மேல்சித்தாமூர் காலனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்த வாசகர் கூட்டத்தில் பேசியது. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



போன கூட்டத்துல 'பொன்னியின் செல்வன்' படத்தை வச்சு இங்க ஒரு பெரிய சண்டை நடந்தது. ரெண்டாம் பாகத்துல கல்கியோட கதையை மாத்திக் கெடுத்துட்டாங்கன்னு ஒரு கட்சி. அஞ்சு பாகம் நாவலை ரெண்டு படத்துல எப்படிடா அடைக்கிறதுன்னு இன்னொரு கட்சி. ராத்திரி பத்து மணி ஆகியும் தீரல. அதனால இந்த வாட்டி அதையே பேசுங்கன்னு என்னை நிறுத்திட்டாங்க.

நான் சினிமாக்காரன் இல்ல, வரலாற்றுப் பேராசிரியரும் இல்ல. ஆனா இந்தக் கதையில எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கு. அதுக்கு சாட்சி முன் வரிசையில உட்கார்ந்திருக்கிற எங்க அம்மா.

எனக்குப் பன்னெண்டு வயசு இருக்கும். அம்மா களை எடுக்கப் போற வீட்டுல, அடுப்பெரிக்க வச்சுக்கோன்னு பழைய வாரப் பத்திரிகைக் கட்டு ஒண்ணு கொடுத்தாங்க. கொடுத்தாங்கன்னா கையில இல்ல. வாசப்படிக்கு வெளியே வச்சுட்டு நகர்ந்துக்கிட்டாங்க, அம்மா குனிஞ்சு எடுத்துக்கிட்டு வந்தாங்க. அதுல இருந்தது பொன்னியின் செல்வன். கல்கி பத்திரிகை அந்தக் கதையைத் திரும்பத் திரும்ப வெளியிட்டுக்கிட்டு இருந்த காலம். சிம்னி விளக்குல நான் சத்தமாப் படிப்பேன். அம்மா மல்லாட்டை உரிச்சுக்கிட்டே கேப்பாங்க. அடுப்புக்குப் போக வேண்டிய காகிதம் ஆறு மாசம் அடுப்புக்குப் போகல.

அம்மாவுக்குக் குந்தவையும் பிடிக்கல, வானதியும் பிடிக்கல. பூங்குழலிதான். கோடிக்கரையில படகு ஓட்டுற பொண்ணு. "கதை பூரா தேடிப் பாத்தா வெயில்ல வேலை செய்யறவ இவ ஒருத்திதான்டா"ன்னாங்க. ஆனா அந்தக் கட்டுல கடைசி வாரங்கள் இல்ல. அம்மா தினம் கேப்பாங்க, பூங்குழலி என்ன ஆனா, என்ன ஆனான்னு. தாங்க முடியாம நானே ஒரு முடிவைச் சொல்லிட்டேன். ராசா அரண்மனைக்குக் கூப்பிட்டான், அவ போகல, படகை எடுத்துக்கிட்டுக் கடலுக்கே போயிட்டான்னு. அம்மா, அதுதான் சரின்னாங்க.

ஆக, கல்கியோட கதையை மாத்துன முதல் குற்றவாளி நான்தான். மணிரத்னம் எனக்கு ரொம்பப் பின்னாடி வந்தவர்.

படம் ரெண்டு பாகமா வந்தது. முதல் பாகம் 2022 செப்டம்பர் 30, ரெண்டாவது 2023 ஏப்ரல் 28. முதல் பாகத்தைக் கொண்டாடின வாசகர்கள் ரெண்டாம் பாகம் பார்த்துட்டுக் கோவப்பட்டாங்க. அவங்க புகார் மூணு. ஒண்ணு, ஆதித்த கரிகாலன் சாவு. நாவல்ல விளக்கு அணைஞ்ச இருட்டுல, யார் கொன்னதுன்னு நிச்சயமாத் தெரியாதபடி கல்கி விட்டுவச்சார். படத்துல நந்தினியோட கத்தியிலேயே கரிகாலன் சாவைத் தேடிக்கிறான். ரெண்டு, வந்தியத்தேவனுக்காக உருகிச் செத்த மணிமேகலை படத்துல இல்லவே இல்ல. மூணு, கடைசிப் பட்டாபிஷேகம்.

இந்தக் கோவம் நம்ம ஊருக்கு மட்டும் உள்ளதில்ல. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்'னு ஒரு தொடர். நாவலாசிரியர் எழுதி முடிக்கறதுக்கு முன்னாடியே தொடர்க்காரங்க 2019இல் முடிச்சுட்டாங்க. கடைசிப் பருவத்தைத் திரும்ப எடுங்கன்னு பத்து லட்சத்துக்கு மேல ஜனங்க கையெழுத்துப் போட்டாங்க. படிச்ச கதை மேல வாசகருக்கு ஒரு பாத்தியதை வந்துடுது. அது தப்பில்ல. என் கேள்வி வேற. அந்தப் பாத்தியதையில நமக்குப் பங்கு எங்க இருக்கு?

அந்த மூணாவது புகாரை எடுத்துக்குவோம். நாவலைப் படிக்காதவங்களுக்காகச் சொல்றேன். செம்பியன் மாதேவிக்குப் பிறந்த குழந்தை அசைவில்லாம கிடந்ததால, செத்துட்டதுன்னு நெனச்சு, புதைக்கச் சொல்லி வாணின்னு ஒரு ஊமைப் பெண் கையில கொடுத்துடறாங்க. குழந்தைக்கு உயிர் இருக்கு. வாணி வளக்கறா. அவன்தான் கோயிலுக்குப் பூ கட்டுற சேந்தன் அமுதன். அரண்மனையில மதுராந்தகன்னு வளர்றது வேற ஒருத்தியோட பிள்ளை. கடைசியில உண்மை வெளிப்பட்டு, அருள்மொழி தனக்கு வந்த கிரீடத்தைச் சேந்தன் அமுதன் தலையில வைக்கிறான். சேந்தன் அமுதனைக் கல்யாணம் பண்ண பூங்குழலி சோழ ராணி ஆயிடறா.

படத்துல இந்த ஆள்மாறாட்டமே கிடையாது. அரண்மனை மதுராந்தகனுக்கே கிரீடம். பூக்காரன் ராசா ஆகல, படகுக்காரி ராணி ஆகல. நாவலின் ஐந்து பாகங்களிலும் கீழேயிருந்து ஒருத்தர் மேலே ஏறுகிற ஒரே இடம் அதுதான். கதையைச் சுருக்கணும்னு வந்தப்போ அறுத்துப் போட்டது அதைத்தான். நேரம் பத்தலைன்னு சொல்லலாம், ஒத்துக்கறேன். ஆனா நேரம் பத்தாதப்போ யாரை இறக்கிவிடறோம்ங்கறதுலதான் ஒருத்தரோட மனசு தெரியும். பஸ்ஸுல இடம் இல்லன்னா யாரை எழுந்திருக்கச் சொல்றாங்கன்னு நமக்குத் தெரியாதா?

அதே சமயம், கல்கி நமக்கு என்னத்தைக் கொடுத்தார்னும் பார்க்கணும். பூக்கட்டுறவன் ஏன் ராசா ஆனான்? நல்லவன்ங்கறதால இல்ல. ஒழைச்சவன்ங்கறதாலயும் இல்ல. ரத்தம் ராச ரத்தம். வாணியோட கை வளர்த்ததுக்கு அங்க மதிப்பில்ல, பிறந்த வயிறுதான் பேசுது. பூங்குழலி ராணி ஆனதும் அந்த வயிற்றுப் பிள்ளையைக் கட்டினதாலதான். இந்தக் கதை 1950இல் தொடங்கி 1954 வரைக்கும் வாராவாரம் வந்தது. தீண்டாமை ஒழிக்கப்பட்டதுன்னு அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு நடைமுறைக்கு வந்த அதே 1950. சட்டம் பிறப்பைத் தள்ளிவச்ச வருஷம், கதை பிறப்பைத் தேடிப் போச்சு.

இன்னொண்ணு. கதையை மாத்தாதேன்னு சொல்றவங்க, கல்கி எதை மாத்தினார்னு கேக்கறதில்ல. காட்டுமன்னார்கோயில் உடையார்குடி அனந்தீசுவரம் கோயில்ல ஒரு கல்வெட்டு இருக்கு. ராசராசன் பட்டத்துக்கு வந்த ரெண்டாம் ஆண்டுல வெட்டினது. கரிகாலனைக் கொன்ன துரோகிகள்னு அது பேர் சொல்லுது: சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன். பிரமாதிராசன்ங்கறது பிராமண அதிகாரிகளுக்குக் கொடுத்த பட்டம். அவங்க, அவங்க சொந்தக்காரங்க நிலத்தை எல்லாம் பறிமுதல் பண்ற விவகாரம் அது. ஓலை போனது வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துப் பிராமண சபைக்கு.

நாவல்ல அதே ரவிதாசன் எப்படி வர்றான்? மந்திரவாதியா வர்றான். ஆந்தை மாதிரிக் கத்தறான், நடுக்காட்டுல ராத்திரியில கூட்டம் போடறான். கூட ஒருத்தன் வேலனாட்டம் ஆடுற தேவராளன். பஞ்சவன்னா பாண்டியனைக் குறிக்கிற பேரு, அதை வச்சு அவங்களைப் பாண்டியன் ஆளுங்கன்னு கதை கட்டினதுல ஒரு நியாயம் இருக்கு. நாவலாசிரியருக்கு அந்த உரிமை உண்டு. ஆனா கல்லுல இருக்கிற பட்டமும் நிலமும் சபையும் வாசகன் மனசுல நிக்கல. காட்டுல ஆடுறவனும் மந்திரம் போடுறவனும்தான் நின்னான். சதின்னு நெனச்சா நம்ம ஜாடையில இருக்கிறவன் மூஞ்சிதான் வரணும்னு ஆயிடுச்சு. படமும் அதை மாத்தல. நாவலை மீறத் துணிஞ்ச படம், அந்த இடத்துல மட்டும் நாவலுக்கு ரொம்ப விசுவாசமா நடந்துக்கிச்சு.

சரி, சோழர் காலத்துல நாம எங்க இருந்தோம்? தஞ்சாவூர் வரைக்கும் போக வேணாம். திண்டிவனம் பக்கத்துல தாதாபுரம் இருக்கு. நெசமான குந்தவை அங்க சிவனுக்கு ஒண்ணு, பெருமாளுக்கு ஒண்ணு, சமணத்துக்கு ஒண்ணுன்னு மூணு கோயில் கட்டினா. கொடுத்த பொன்னு, வெள்ளி, முத்து எல்லாம் கல்லுல கணக்கா இருக்கு. அதுல சமணக் கோயில் இன்னைக்கு இல்ல. நம்ம மாவட்டத்துலயே எண்ணாயிரம் இருக்கு. ராசேந்திரன் காலத்துல அங்க வேதக் கல்லூரி. 340 மாணவர், 14 ஆசிரியர், 45 வேலி நிலம். படிக்கிறவனுக்குத் தினப்படி நெல்லு. அந்த 45 வேலியில நாத்து நட்டது யாரு, அறுத்தது யாருன்னு அந்தக் கணக்குல வராது.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுல நாம வர்றோம். கோயிலுக்கு விட்ட ஊர்கள்ல எந்தெந்த இடத்துக்கு வரி கிடையாதுன்னு பட்டியல் போடறப்போ வர்றோம். பறைச்சேரி, தீண்டாச்சேரி, பறைச்சுடுகாடு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே செத்தவனுக்கும் தனி இடம் ஒதுக்கிட்டாங்க. இதைச் சினிமா இயக்குநர் பா. இரஞ்சித் 2019 ஜூன்ல திருப்பனந்தாள் கூட்டத்துல பேசினார். ராசராசன் காலத்துலதான் நம்ம நிலம் பறிபோச்சுன்னார். போலீஸ் வழக்குப் போட்டது. ராசராசனைப் பற்றி என்ன கற்பனை வேணும்னாலும் பண்ணலாம், கல்லுல இருக்கிறதைப் பேசினா வழக்கு!

இப்போ நம்ம பிள்ளைங்க பக்கம் வர்றேன். கோவிச்சுக்காதீங்க. படம் வந்தப்போ பக்கத்துல ஒரு ஊர்ல, பேர் வேணாம், காலனிப் பசங்க 'சோழர் வாரிசுகள்'னு பேனர் வச்சாங்க. குதிரை மேல இவங்க போட்டோ. விடியறதுக்குள்ள கிழிச்சுட்டாங்க. "சேரிக்கு எதுக்குடா சோழன்?"னு கேட்டாங்களாம். பசங்க அழுதுட்டாங்க. கிழிச்சவன் செஞ்சது அராஜகம், அதுல ரெண்டு பேச்சு இல்ல. ஆனா தம்பிகளா, அந்தக் குதிரை மேல ஏறுறதுக்கு நாம ஏன் தவிக்கணும்? ஒவ்வொரு சாதியும் ராசராசன் எங்க ஆளுன்னு போஸ்டர் ஒட்டுது. நாமும் அந்த வரிசையில நின்னா, சேந்தன் அமுதன் மாதிரி, எனக்கும் ராச ரத்தம்னு நிரூபிச்சாத்தான் மனுஷன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். பூ கட்டுறவன் பூக்கட்டுறவனாவே மரியாதைக்கு உரியவன்னு சொல்ற கதை நமக்கு வேணும்.

அப்படின்னா நாவலை மாத்தாம எடுக்கணும்னு நான் சொல்றேனா? இல்ல. பூமணியோட 'வெக்கை' 1982இல் வந்த நாவல். அண்ணனைக் கொன்ன நிலக்காரனை வெட்டிட்டு ஒரு சின்னப் பையனும் அப்பனும் காட்டுல அலையற கதை. 2019இல் வெற்றிமாறன் அதை 'அசுரன்'னு எடுத்தப்போ ரொம்ப மாத்தினார். வெக்கையைப் படிச்சவங்க சிலர் இது பூமணி கதையில்லன்னு முகம் சுளிச்சாங்க. எனக்கும் கொஞ்சம் வருத்தம் இருந்தது. நாவல்ல அப்பனும் பிள்ளையும் பேசிக்கிற அந்த அமைதி படத்துல போயிடுச்சு. ஆனா படம் புதுசா ஒண்ணைக் கொண்டுவந்தது, பஞ்சமி நிலம். 1892இல் வெள்ளைக்கார அரசாங்கம் நமக்குன்னு ஒதுக்கின நிலம். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் கொடுத்த அறிக்கையால வந்தது. அந்த நிலத்தைக் கேட்டு நம்ம வடக்கே காரணையில போராட்டம் நடந்து, 1994 அக்டோபரில் போலீஸ் சுட்டதுல ஜான் தாமஸ், ஏழுமலைன்னு ரெண்டு பேர் செத்தாங்க. படம் பார்த்துட்டு வந்த பையன் என்கிட்ட, "பஞ்சமி நிலம்னா இன்னாண்ணே, நம்ம ஊர்ல இருக்கா?"ன்னு கேட்டான். தாலுகா ஆபீஸுக்குப் போய்க் கேக்கலாம் வான்னேன். ஒரு மாற்றம் பையனைத் தாலுகா ஆபீஸுக்கு அனுப்புது. இன்னொரு மாற்றம் படகுக்காரியைக் கதையை விட்டு அனுப்புது.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மூலத்தை மாத்தலாமா கூடாதாங்கறது நம்ம சண்டை இல்ல. மாத்தாத கதையே உலகத்துல இல்ல. கல்லைக் கல்கி மாத்தினார், கல்கியை மணிரத்னம் மாத்தினார், நடுவுல ஒரு காலனிப் பையன் மல்லாட்டைத் தொலிக்கு நடுவுல உட்கார்ந்து மாத்தினான். எந்தப் பக்கமா மாத்தினாங்க, யாரை உள்ளே விட்டாங்க, யாரை வெளியே நிறுத்தினாங்க, அதைக் கேளுங்க. படம் பார்க்கிறப்போ கேளுங்க, பாடப் புத்தகம் படிக்கிறப்போவும் கேளுங்க.

2023இல் அம்மாவைத் திண்டிவனத்துக்குக் கூட்டிட்டுப் போய்ப் படத்தைக் காட்டினேன். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிக்கறோம். எல்லாரும் நந்தினி, கரிகாலன்னு பேசிக்கிட்டுப் போறாங்க. அம்மா ரொம்ப நேரம் பேசல. அப்புறம் கேட்டாங்க: "ஏன்டா, அந்தப் படகுக்காரப் பொண்ணு என்ன ஆனா? கடைசியில காட்டவே இல்லியே?"

நாற்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, அதே கேள்வி. அன்னைக்குத்தான் அம்மாகிட்ட உண்மையைச் சொன்னேன். கடைசி வாரங்கள் நம்மகிட்ட இல்லம்மா, அந்த முடிவு நானாச் சொன்னது, கல்கி அவளை ராணியாக்கிட்டார்னு. அம்மா கொஞ்சம் யோசிச்சாங்க. "ராணி ஆயிட்டாளா? அப்போ படகை யார்கிட்ட குடுத்தா?"ன்னாங்க.

எனக்குப் பதில் தெரியல. இங்க எழுதுற பிள்ளைங்க நாலு பேர் இருக்கீங்க. அந்தப் படகு யார்கிட்ட போச்சுன்னு நீங்க எழுதுங்க. அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டறது என் வேலை.