போக்கர் டோர்னமென்ட்: ஜெயிச்ச கணக்கும் போட்ட கணக்கும்

சங்கரன்கோவில்ல எங்க வீட்டு மாடியில இருந்து பேசுறேன். பின்னால விசைத்தறிச் சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க. "போக்கர் டோர்னமென்ட் ஜெயிக்க வழி சொல்லுங்க ப்ரோ"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. வழி இருக்கு, சொல்றேன். ஆனா கடைசி வரைக்கும் கேளுங்க.

2021 ஆகஸ்ட்ல, பணம் வச்சு ஆடுற ஆன்லைன் ரம்மி, போக்கருக்குத் தமிழ்நாட்டுல இருந்த தடையை சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செஞ்சது. அப்போ நான் வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷம். வீட்டுல இருந்தேதான் வேலை. ராத்திரி லேப்டாப்பை மூடினதும் போன்ல டோர்னமென்ட். நான் ஆடினது 40 பேர் ஆடுற சின்னப் போட்டி. நுழைய 550 ரூபாய். அதுல 500 பரிசுக்கு, 50 நடத்துறவங்களுக்கு. முதல் மூணு இடத்துக்கு 10,000, 6,000, 4,000.

ஒரு ராத்திரி நாலு பேர்தான் மிச்சம். எல்லார்கிட்டயும் ஏறக்குறைய ஒரே அளவு சிப்ஸ். ஒருத்தர் மொத்தத்தையும் வச்சு ஆல்-இன் போட்டார். என் கையில ரெண்டு ஜாக்கி. அவர்கிட்ட ஆஸும் ராஜாவும் இருக்கும்னு கணிச்சேன். அப்படி இருந்தா நான் ஜெயிக்க சுமார் 57 சதவீத வாய்ப்பு. பாதிக்கு மேலதானே? நானும் வச்சேன். கணிச்சது சரிதான். ஆனா கடைசிச் சீட்டா ஒரு ராஜா வந்து விழுந்தது. எனக்கு நாலாவது இடம், கையில பூஜ்யம்.

"நம்ம நேரம் சரியில்ல"ன்னு படுத்துட்டேன். மறுநாள் பைத்தான்ல கணக்குப் போட்டுப் பார்த்தாதான் தெரியுது, நேரம் இல்ல, முடிவே தப்பு.

எப்படின்னு பாருங்க. நாலு பேரும் சமம்னா, 20,000 ரூபாய் பரிசுல ஆளுக்கு 5,000 மதிப்பு. நான் அந்த ஆட்டத்தை ஜெயிச்சா என் சிப்ஸ் ரெண்டு மடங்கு ஆகும். ஆனா மதிப்பு 10,000 ஆகாது, 7,667தான். ஏன்னா எவ்வளவு சிப்ஸ் சேர்த்தாலும் முதல் பரிசு ஒண்ணுதான், மத்த ரெண்டு பரிசும் மத்தவங்களுக்குத்தான். 57 சதவீதத்தால பெருக்கினா 4,370. ஃபோல்ட் பண்ணிச் சும்மா இருந்திருந்தா கிட்டத்தட்ட 5,000. அந்த இடத்துல ஆல்-இன் ஏத்துக்க 65 சதவீத வாய்ப்பாவது வேணும். இன்னொரு வேடிக்கை, நாங்க ரெண்டு பேரும் மோதினதுல, கையைக் கட்டிட்டு உக்காந்திருந்த மத்த ரெண்டு பேர் மதிப்பும் 6,167 ஆயிடுச்சு.

இதை ஐசிஎம்னு சொல்வாங்க. இதுல இருக்கிற சூத்திரம் 1973ல ஹார்வில்ங்கிறவர் குதிரைப் பந்தயத்துக்காக எழுதினது. டோர்னமென்ட்ல சேர்க்கிற சிப்ஸைவிட இழக்கிற சிப்ஸுக்கு மதிப்பு அதிகம். பரிசுக்கு ஒரு படி முன்னால இது ரொம்பவே பொருந்தும்.

அதுக்காகக் காத்துட்டே இருக்கவும் முடியாது. பிளைண்ட் ஏறிட்டே இருக்கும். எங்கப்பா இங்க பூ மார்க்கெட்ல கமிஷன் கடையில கணக்கு எழுதுறவர். விடியக்காலம் மல்லிக்கு வர்ற விலை மத்தியானம் வராது, பூ வாடிரும். சிப்ஸும் அப்படித்தான். பத்து பெரிய பிளைண்டுக்குக் கீழ போயிட்டா கொஞ்சம் கொஞ்சமா வைக்கிற வேலையே கூடாது. நல்ல சீட்டுன்னா ஆல்-இன், இல்லன்னா ஃபோல்ட்.

இதெல்லாம் கத்துக்கிட்டு ஒரு நாள் முதல் பரிசு அடிச்சேன். பெருமையா அப்பாகிட்ட சொன்னேன். அவர் பேப்பர்ல இருந்து தலையைத் தூக்காம, "போட்ட முதல் எவ்வளவு லே?"ன்னார்.

பதில் தெரியல. ராத்திரி பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுத்து உக்காந்தேன். 140 போட்டி, போட்டது 77,000. மூணு முதல் பரிசு, அஞ்சு ரெண்டாவது, மூணு மூணாவது, வந்தது 72,000. நஷ்டம் 5,000. இதுல கொடுமை என்னன்னா, பரிசுக்குப் போன 70,000ஐவிட 2,000 கூடவே எடுத்திருக்கேன். அதாவது கூட ஆடினவங்களைவிட ஒரு நூல் மேலதான் இருந்திருக்கேன். ஆனா நுழைவுக் கட்டணத்துல போன 7,000 அதையும் தின்னுட்டு மேலயும் தின்னிருக்கு. அந்த ஒரு நூல்கூட திறமையா அதிர்ஷ்டமான்னு சொல்ல 140 போட்டி பத்தாது.

இன்னொண்ணும் உறைச்சது. இந்தக் கணக்கு தெரியாத ஒருத்தர் எதிர்ல இருந்தாத்தான் எனக்கு லாபம். எல்லாருக்கும் தெரிஞ்சுட்டா நடத்துறவங்களுக்கு மட்டும்தான் லாபம். அன்னைக்கு ஜாக்கி வச்சிருந்த ராத்திரி அந்தத் தெரியாதவன் நான்தான்.

போக்கர் திறமை விளையாட்டுதான்னு 2023 நவம்பர்லயும் உயர் நீதிமன்றம் சொல்லிச்சு. 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றம் நிறைவேத்தின சட்டம் திறமையா அதிர்ஷ்டமான்னே பார்க்கல, பணம் வச்சு ஆடுற ஆன்லைன் விளையாட்டு எல்லாத்துக்கும் தடை. எனக்கு அதுக்கு முன்னாடியே அப்பா கேட்ட கேள்வி போதுமா இருந்தது.

இப்பவும் ஆடுறேன். லீவுக்கு நண்பர்கள் ஊருக்கு வந்தா மாடியில புளியங்கொட்டை வச்சு ஆட்டம். ஐசிஎம் அதுலயும் வேலை செய்யும்.

நீங்க இன்னும் காசு வச்சு ஆடுறவங்களா இருந்தா ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. ஜெயிச்ச ஸ்கிரீன்ஷாட்டை எனக்கு அனுப்பாதீங்க. போட்ட முதலைக் கூட்டிப் பார்த்துட்டு அந்தத் தொகையை அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.